விராலி வேலி: விதையிலிருந்து வளர்த்த அனுபவம்

எங்கள் கொல்லை வேலியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதை எந்த நர்சரியில வாங்கினீங்க?" என்பதுதான். சித்திரை, வைகாசியில் மணப்பாறைப் பக்கம் வந்து பார்த்தால் ஏன் கேட்கிறார்கள் என்று புரியும். வேம்பையும் புங்கனையும் விட்டால் பச்சை என்று கண்ணில் படுவதே குறைவு. அந்த வெயிலில் இடுப்புயரத்துக்குப் பளபளவென்று ஒரு வேலி நின்றால் கேட்கத்தானே செய்வார்கள்.

"வாங்கலை, இது விராலி" என்றால் உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள். அவர்கள் ஊர்க் கரட்டிலும், அதாவது சின்னப் பாறைக்குன்றிலும், அந்தப் புதர்ச்செடி கிடக்கிறது. அடுப்புக்கு ஒடித்திருப்பார்கள், களைக்கொத்துக்குப் பிடி போட்டிருப்பார்கள், கால் சுளுக்கினால் இலையை வதக்கிக் கட்டியிருப்பார்கள். அதை விதை போட்டு வளர்ப்பார்களா என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம். வெளியூர்க்காரர்கள் விஷயம் வேறு. அவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போய் நர்சரியில் காட்டுவார்கள், அங்கே கோல்டன் டுராண்டாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டுராண்டா அழகுதான். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு.

எங்களுடையது மானாவாரி நிலம். செஞ்சரளை மண், ஒரு முழம் தோண்டினால் சுக்கான் பாறை தட்டும். மழை பெய்தால் கடலை, துவரை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. இந்த மாதிரி நிலத்துக்கு வேலி என்பது பெரிய தலைவலி. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டினால் விளைச்சலில் வருவதைவிட வேலிக்குச் செலவாகும். சீமைக்கருவேல் முள்ளை வெட்டி அடைத்தால் கரையான் அரித்து வருடா வருடம் புது அடைப்பு வேண்டும், அதோடு விதை விழுந்து நிலத்துக்குள்ளேயே வந்துவிடும். கிளுவைக் கிளையை வெட்டி, அந்தப் போத்தை ஊன்றுவதுதான் பழைய முறை. இன்றும் நல்ல முறைதான், நானும் ஊன்றியிருக்கிறேன். ஆனால் கோடையில் கிளுவை மொட்டையாக நிற்கும். இலை விட்டதும் வெள்ளாடு எட்டிக் கடிக்கும். காற்றுக்கும் புழுதிக்கும் மறைப்பு வேண்டும் என்றால் அது உதவாது.

விராலி பக்கம் என் கவனம் திரும்பியது 2016-க்குப் பிறகு. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் எங்கள் பக்கம் பட்டுப்போன தென்னைக்குக் கணக்கில்லை. நொச்சிகூட இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. அப்போது கரட்டுச் சரிவில், பாறை இடுக்கில், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் விராலிப் புதர்கள் உள்பக்கத்துப் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு நுனி இலைகளை மட்டும் வைத்துக்கொண்டு பச்சையாகவே நின்றன. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

இலையைத் தொட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். விரல் நீளத்துக்கு ஒடுங்கிய இலை. அடிப்பக்கம் குறுகி, நுனிக்குச் சற்று முன்னால் அகன்றிருக்கும். மேலே மெல்லிய பிசின் பூச்சு. கொழுந்தை நசுக்கினால் விரல் ஒட்டும், புளிப்பும் கசப்புமாக ஒரு வாடை வரும். வெயிலில் இலை மின்னுவது இந்தப் பிசினால்தான், நீர் எளிதில் ஆவியாகாமல் காப்பதும் அதுதான். புத்தகப் பெயர் டோடோனியா விஸ்கோசா. பூந்திக்கொட்டை, முடக்கத்தான் இரண்டும் இதே குடும்பம்தான். முடக்கத்தான் காயைப் பார்த்தவர்கள் விராலிக் காயைப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும்: அதே காகிதம் போன்ற தோல், உள்ளே அறை அறையாகக் கறுப்பு விதை. ஆனால் விராலிக் காய்க்கு இரண்டோ மூன்றோ இறக்கை உண்டு. பச்சையில் ஆரம்பித்து, வெளிர்ச் சிவப்பாகி, கடைசியில் காய்ந்து பழுப்பாகும். சிவப்பாக இருக்கும் அந்தச் சில வாரங்கள் செடி முழுக்கப் பூத்த மாதிரி இருக்கும். உண்மையில் பூ கண்ணுக்கே தெரியாது. இதழ் கிடையாது, பச்சையும் மஞ்சளுமாகச் சின்னக் கொத்து, அவ்வளவுதான். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது. காற்றை நம்பும் செடிக்கு இதழ் எதற்கு?

வேலிக்கு இதைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பங்கு எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவருக்கு. கரட்டில் எல்லாப் புதரும் மேய்ந்து கட்டையாகக் கிடக்க, விராலி மட்டும் தழைத்திருப்பதைக் காட்டி "ஏன்யா, இதை ஆடு திங்காதா?" என்று கேட்டேன்.

"வாயே வைக்காது தம்பி. குட்டி வேணா ஒரு கடி கடிக்கும், அப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காது. ரொம்பப் பஞ்சத்துல மாடு லேசா நுனியக் கறிக்கும், அம்புட்டுதேன்."

பிசினும் கசப்பும்தான் காரணம். வெள்ளாடு தொடாத செடி என்றால் மானாவாரி விவசாயிக்கு அது தங்கம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: விராலிக்கு முள் கிடையாது. ஆடு தின்னாதே தவிர, செடி சிறியதாக இருக்கும்போது நடுவில் புகுந்து போகும், மிதிக்கும். முதல் இரண்டு வருடமாவது வெளிப்பக்கம் முள்ளடைப்போ கிளுவைப் போத்தோ வேண்டும். காட்டுப்பன்றியை இது எந்த வயதிலும் தடுக்காது.

சரி, வளர்ப்பதற்கு வருவோம். முதலில் விதை. எங்கள் பக்கம் மழைக்காலம் முடிந்து மார்கழியிலிருந்து மாசி, பங்குனி வரைக்கும் காய் முற்றும். சிவப்பு நிறம் போய், காய் காகிதமாகிச் சலசலக்கும்போது பறிக்க வேண்டும். நாளைக்கு வரலாம் என்று விட்டால் ஒரு காற்றில் எல்லாம் போய்விடும். இறக்கை இருப்பதே அதற்குத்தானே. சிவப்பாக இருக்கும்போதே பறித்தால் விதை பழுப்பாக, முற்றாமல் இருக்கும், அது முளைப்பதில்லை. நன்றாக முற்றிய விதை கறுப்பு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.

எங்கே பறிப்பது என்பதும் முக்கியம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. சாலையோரம், வாரிக்கரை, தெரிந்தவர்களின் தரிசு நிலம் போதும். ஒரே செடியில் உருவாமல் பத்துப் பதினைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கரட்டு விதையே போதும். கடற்கரைப் பக்கத்து விராலிக்கு இலை அகலம், உள்நாட்டுக் குன்றுகளில் வருவதற்கு ஒடுங்கிய இலை. எது எந்த மண்ணில் பழகியதோ அதை அங்கேயே வைப்பது நல்லது. கடைகளில் ஊதா நிற இலையோடு ஒரு விராலி விற்கிறார்கள். அது நியூசிலாந்திலிருந்து வந்த ரகம், குளிரில்தான் அந்த நிறம் தூக்கும். மணப்பாறை வெயிலில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, விராலியில் பெரும்பாலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. சில செடிகள் எத்தனை வருடமானாலும் காய்க்கவே காய்க்காது. அது நோயல்ல, ஆண் செடி. விதை எடுக்கப் போகிறவர்கள் காயோடு இருக்கும் புதரைக் கண்டதும் பக்கத்தில் காயில்லாத புதர்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆண் செடி பக்கத்தில் இல்லாத தனிப் புதரில் காய் நிறைய இருந்தும் உள்ளே விதை சொத்தையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பறித்ததை இரண்டு நாள் நிழலில் காயவைத்து, உள்ளங்கையில் கசக்கி, முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கைத் தூசி பறந்து விதை தங்கும். நல்ல விதையா என்று பார்க்க ஒன்றிரண்டைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே முளைக்கரு சுருண்டு, உருண்டைக்குள் மடங்கி இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. வெறும் ஓடாகவோ தூளாகவோ இருந்தால் அந்தச் செடியின் விதையை விட்டுவிடலாம். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் வழக்கத்தை இதற்கு நான் நம்புவதில்லை. விராலி விதை உயிரோடு இருந்துகொண்டே மிதக்கக் கூடியது. கடல் நீரில் மிதந்து கரையேறித்தான் ஆஸ்திரேலியா முதல் ஹவாய் வரைக்கும் பரவியிருக்கிறது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸுக்குப் பதிலாக விராலிக் காயைப் போட்டுப் பீர் காய்ச்சினார்கள் என்பது கொசுறுச் செய்தி.

இனிதான் முக்கியமான கட்டம். பறித்த விதையை அப்படியே போட்டால் நூற்றுக்கு ஏதோ கொஞ்சம் முளைக்கும், மீதி அப்படியே கிடக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் 'விராலி விதையில் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விதை கெடவில்லை. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடாத அளவுக்குக் கெட்டி. ஒரு வாரம் ஊறவைத்தாலும் அதே அளவில், அதே மினுமினுப்போடு கிடக்கும்.

இதைக் கரடே நமக்குச் சொல்லித்தருகிறது. கோடையில் எங்கள் பக்கத்துக் குன்றுகளுக்கு யாராவது தீ வைத்துவிடுவார்கள் (ஏன் வைக்கிறார்கள் என்பது தனிக் கதை). தீ பட்ட சரிவில் அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தால், வேறெதையும்விட விராலி நாற்றுதான் நெருக்கமாக முளைத்திருக்கும். மண்ணுக்குள் புதைந்து கிடந்த விதையின் தோல் சூட்டில் விட்டுக்கொடுத்துவிடுகிறது. விதைத்தோலில் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் சூட்டில் திறந்து தண்ணீரை உள்ளே விடுகிறது என்று ஹவாய் விராலியை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தத் தீயை நாம் அடுப்படியில் கொடுத்தால் போதும்.

நான் செய்வது இதுதான். விதையை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக்கொள்வேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதைமேல் ஊற்றிவிடுவேன். விதையைப்போல ஐந்தாறு மடங்கு தண்ணீர் இருக்க வேண்டும். அப்படியே ஆறவிட்டு மறுநாள் காலை வரை ஊறட்டும். விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்கக் கூடாது, வெந்துவிடும். காலையில் பார்த்தால் பலது இருமடங்காக உப்பி, மினுமினுப்புப் போய் மங்கலாக இருக்கும். உப்பியவற்றைச் சல்லடையில் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், உப்பாதவை கண்வழியே விழுந்துவிடும். விழுந்தவற்றுக்கு மறுபடி ஒருமுறை வெந்நீர். விதை கொஞ்சமாக இருந்தால் வெந்நீரே வேண்டாம், உப்புத்தாளில் லேசாக உரசி ஊறப்போட்டாலும் உப்பும். உப்பிய விதையை அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். திரும்பக் காயவிட்டால் போச்சு.

எல்லா விதையையும் வெந்நீரில் போட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வேன். காரணம் பிறகு வருகிறது.

நாற்றாக வளர்ப்பது ஒரு வழி. மாசி, பங்குனியில் புது விதை கையில் இருக்கும். நாலுக்கு ஆறு அங்குல நாற்றுக் கவரில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு கைப்பிடி மட்கிய எரு கலந்து நிரப்பி, கவருக்கு இரண்டு மூன்று விதை. அரை விரற்கடை ஆழம் போதும். பாத்தியில் விதைத்து எடுத்து நடுவதைவிட நேராகக் கவரில் போடுவதே எனக்குப் பிடித்த முறை, விராலிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் முளைத்துவிடும். முதலில் ஒடுங்கலாக இரண்டு விதையிலை வரும். பார்த்தால் புல் முளைத்த மாதிரி இருக்கும், களை என்று பிடுங்கிவிடாதீர்கள். உண்மையான இலை மூன்று நான்கு வந்ததும் கவருக்கு ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

நாற்று சாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் தண்ணீர். நர்சரிகளில் காலையும் மாலையும் பூவாளியை எடுத்துக்கொண்டு ஊற்றுவார்கள் இல்லையா, அந்தக் கவனிப்பை விராலி தாங்காது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, நூல்போல மெலிந்து, சாயந்தரத்துக்குள் படுத்துவிடும். காலையில் ஒருமுறை மட்டும் ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். முதல் மாதம் கீற்றுநிழல் போதும், பிறகு முழு வெயிலுக்கு மாற்றிவிட வேண்டும். நிழலில் வளர்ந்த நாற்று உயரமாக, வெளுப்பாக, பார்வைக்கு நன்றாக இருக்கும். நட்டதும் அதுதான் முதலில் கருகும். யூரியா தண்ணீர் ஊற்றிக் கொழுக்கவைப்பதும் அதே கதைதான்.

புரட்டாசிக்குள் நாற்று ஒரு முழம் எட்டியிருக்கும். கவரின் அடியில் வேர் எட்டிப்பார்ப்பதற்குள் நட்டுவிட வேண்டும். நிலம் தயாராகவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கவரிலேயே வைத்திருந்த நாற்றை எனக்குத் தெரிந்த ஒருவர் பிறகு நட்டார். உள்ளே வேர் சுற்றிச் சுற்றிக் கயிறாகத் திரிந்திருந்தது. மழைக்காலத்தில் எல்லாம் பிழைத்தது, பங்குனியில் ஒவ்வொன்றாகக் காய்ந்தது. கீழே இறங்க வேண்டிய ஆணிவேர் இறங்கவில்லை என்றால் இந்தச் செடியின் வறட்சி தாங்கும் சக்தியெல்லாம் வெறும் பேச்சு.

அதனால்தான் வேலிக்கு நாற்றைவிட நேரடி விதைப்பையே சிறந்ததாக நினைக்கிறேன். விதை முளைத்த இடத்திலேயே வேர் கீழே போகிறது, இடையில் யாரும் தொந்தரவு செய்வதில்லை. முதல் வருடம் நாற்று நட்ட வேலிதான் முந்தும். மூன்றாம் வருடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதைத்த வேலி எட்டிப் பிடித்திருக்கும், கோடையில் வாடுவதும் குறைவு. செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முறை எளிது. வேலி ஓரமாக ஒரு அடி இடைவெளியில் இரண்டு சால். ஏர் இல்லையென்றால் மண்வெட்டியால் கீறினாலும் போதும். எடுக்கும் மண்ணை உள்பக்கமாகச் சின்ன வரப்பாக அணைத்துக்கொண்டால் ஓடுகிற மழைநீர் கொஞ்சம் தங்கிப்போகும். விதையை மூன்று நான்கு மடங்கு மணலோடு கலந்து சாலில் தூவி, மேலே மெல்லிசாக மண் இழுத்துவிட வேண்டும். வெந்நீரில் போடாத விதையை இங்கேதான் பயன்படுத்துகிறேன். பாதி வெந்நீர் விதை, பாதி பச்சை விதை. எங்கள் பக்கம் புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை ஆசை காட்டிவிட்டு, அடுத்து ஐப்பசி நடுவில்தான் பருவமழை சரியாகப் பிடிக்கும். உப்பிய விதை முதல் மழைக்கே முளைத்துவிடும். இடையில் வெயில் அடித்தால் அத்தனையும் காலி. பச்சை விதை அப்படி ஏமாறாது. அது மண்ணுக்குள் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக இந்த மழைக்குச் சில, அடுத்த மழைக்குச் சில, அடுத்த வருடத்துக்குச் சில என்று முளைக்கும். இரண்டாம் வருடம் வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில் நான் ஒன்றும் செய்யாமலே நாற்று வந்து அடைத்தது இப்படித்தான்.

விதைத்த சாலின்மேல் இலந்தை முள்ளையோ கருவேல முள்ளையோ பரப்பிவிடுங்கள். விராலிமலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியும்: மயில். அது விதையைத் தின்கிறதோ இல்லையோ, புது மண்ணைக் கண்டால் காலால் சீய்க்காமல் போகாது.

குச்சி வைத்து வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிளுவை, ஆடாதோடை, நொச்சி எல்லாம் ஒடித்து ஊன்றினால் வருவதால் வரும் கேள்வி. விராலி அப்படி வராது. வேர்பிடிக்கும் ஹார்மோன் தொட்டு, பனிக்கூடாரத்தில் ஈரம் குறையாமல் வைத்து, பாதி முற்றிய குச்சியில் வேர்பிடிக்கவைக்க முடியும். ஊதா ரகத்தை நிறம் மாறாமல் பெருக்க நர்சரிக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஒரு வேலிக்கு அந்தப் பாடு எதற்கு? அதோடு, ஒரே செடியின் குச்சியில் வந்த வேலி முழுக்க ஆணாகவோ முழுக்கப் பெண்ணாகவோ இருக்கும். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்ந்து வரும்.

காட்டிலிருந்து சின்னச் செடியைப் பிடுங்கி நடுவதும் வேண்டாம். முழங்கால் உயரச் செடிக்கே வேர் பாறைக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் தெரியும். கடப்பாரை வைத்து எடுத்தாலும் பாதி வேர் அங்கேயே நிற்கும்.

மழைக்கு விதைத்தோ நட்டோ விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இறங்கிவிடும். முதல் கோடையில் மட்டும், அதுவும் மார்கழியிலேயே மழை நின்றுபோன வருடமென்றால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு செம்பு தண்ணீர். அடியில் சரளைக்கல்லைக் குவித்துவிட்டால் அதுகூடக் குறையும். கல்லுக்கு அடியில் மண் ஈரம் எப்போதும் கொஞ்சம் இருக்கும், கட்டெறும்பும் இருக்கும், பார்த்துக் கைவையுங்கள். இரண்டாம் கோடையிலிருந்து தண்ணீர் கிடையாது. எரு, உரம் எதுவும் வேண்டாம். கொழுத்து வளர்ந்த விராலி கிளை பரப்பிச் சாய்ந்துவிடும். வேலிக்கு வேண்டியது அடியிலிருந்தே அடர்ந்த செடி.

அந்த அடர்த்திக்குக் கத்தரிப்புதான் வழி. முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஆசையாக வளர்கிறதே என்று விட்டுவைத்தால் மேலே குடை, கீழே ஓட்டை என்று ஆகிவிடும், அந்த ஓட்டையில்தான் ஆடு நுழையும். அப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, மழை தொடங்குவதற்கு முன்னாலும் காய் பறித்த பின்னாலும் வெட்டினால் போதும். எப்போதும் இலை இருக்கும் பகுதியில் வெட்டுங்கள். இளம் செடியை அடியோடு அரிந்தாலும் துளிர்த்துவிடும். வயதான மொட்டைக் கட்டையை அப்படி வெட்டினால் எல்லாம் துளிர்க்கும் என்று நம்ப முடியாது. வெட்டும்போது பிசின் கத்தரியில் ஏறிக்கொண்டு பிடி இறுகும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய்த் துணி பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது துடைத்தால் கையும் கத்தரியும் தப்பிக்கும். வெட்டிய கழி வீணில்லை. ஈரத்தோடேயே நன்றாக எரியும்.

பூச்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆமணக்கு இலையைச் சல்லடையாக்கும், முதுகை வளைத்து வளைத்து நகரும் அந்தப் புழு சில வருடம் விராலிக்கும் வரும். ஆமணக்கு பக்கத்தில் இருந்தால் இன்னும் வாய்ப்பு. ஒரு வாரத்தில் இலையெல்லாம் போய் நரம்பு தெரியும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் மருந்தடிக்கத் தேவையில்லை. மைனாவும் கரிச்சானும் வந்து பொறுக்கிவிடும், அடுத்த மழைக்குச் செடி தழைத்துவிடும்.

வைத்தியத்தைப் பற்றியும் கேட்பார்கள். வீக்கம், சுளுக்குக்கு இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, சூடு பொறுக்கும் பதத்தில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு முட்டிக்கு இது இல்லாமல் மழைக்காலம் போகாது. எலும்பு முறிவுக்குக் கட்டுபவர்களும் உண்டு. முறிவு என்று சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள், இலை எங்கேயும் ஓடிப்போகாது. உள்ளுக்குச் சாப்பிடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பூந்திக்கொட்டைக் குடும்பத்துச் செடி, அதே நுரைப்பொருள் இதிலும் இருக்கிறது.

வேலி அடர்ந்ததும் வரும் லாபம் ஒன்று உண்டு, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆடு தொடாததால் அதன் நிழலில் வேறு நாற்றுகள் பிழைத்துக்கொள்கின்றன. குருவி எச்சத்தில் விழுந்த வேம்பு, களா, சூரை எல்லாம் விராலிக்குள் ஒளிந்து வளர்ந்து, தலை தெரியும்போது ஆட்டுக்கு எட்டாத உயரம் வந்திருக்கிறது. முள் இல்லாத வேலிக்கு முள் இப்படித் தானாகவே வந்து சேர்ந்தது. சுத்தமாக ஒரே செடியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பிடுங்கிவிடுவார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

எல்லா நிலத்துக்கும் இது சரிப்படாது. கரிசல் மண்ணில், அதுவும் மழைக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும் இடத்தில் விராலி வைக்காதீர்கள். முதல் அடைமழையிலேயே வேர் அழுகிவிடும். வயல் வரப்பு, கிணற்றுவாய்க்கால் ஓரம் எல்லாமும் அப்படித்தான். மர நிழலில் வேலி போட வேண்டியிருந்தாலும் வேறு செடி பாருங்கள். நிழலில் இது நெட்டையாகப் போய் அடி காலியாகிவிடும். ஈரம் நிற்கும் ஓரத்துக்கு நொச்சி, நிழலுக்கு ஆடாதோடை. இரண்டையும் ஆடு தொடாது, இரண்டும் ஒடித்து ஊன்றினாலே வரும், வெந்நீர் வைக்கிற வேலையும் இல்லை. என் நிலத்திலேயே கிணற்று மேட்டைச் சுற்றி நிற்பது நொச்சிதான்.

விதை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மாசிக்கு மேல் வரச் சொல்கிறேன். ஒரு பழைய தலையணை உறையும் கொண்டுவந்தால் நல்லது. பிளாஸ்டிக் பையில் காயைப் பறித்துப் போட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.